மொனார்க் தெற்கே கிளம்பும் மாதம்: வீட்டில் வளர்க்கவும் வாசலில் நின்று பார்க்கவும் முழுமையான வழிகாட்டி

செப்டம்பர் பிறந்தால் எனக்கு ஒரே மாதிரி ஃபோன் வரும். "செடியில ஒரு புழு இருந்துச்சு, குளிருமேன்னு வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டேன். இப்ப என்ன குடுக்கணும்?" நியூ ஜெர்சியில் எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் மொனார்க் வண்ணத்துப்பூச்சி வளர்க்கத் தொடங்கியது இப்படித்தான். ஆசையில் குறை இல்லை, வரிசைதான் தலைகீழ். புழு முதலில் வந்துவிடுகிறது. இலை, கூண்டு, இடம், நாள் கணக்கு எல்லாம் அதன் பின்னால் ஓடி வருகின்றன.

ஜூன், ஜூலையில் இப்படித் தொடங்கினாலும் சமாளித்துவிடலாம். இலையுதிர்காலத்தில் முடியாது. கோடையில் பிறக்கும் மொனார்க் 2 முதல் 6 வாரம் வாழ்ந்து, முட்டையிட்டு, முடிந்துபோகும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பிறப்பது வேறு. அது முட்டையிடுவதை அடுத்த வசந்தம் வரை தள்ளிவைத்துவிட்டு, 3,000 மைல் வரை பறந்து மெக்சிகோவின் மலைக்காடுகளுக்குப் போய், 8, 9 மாதம் உயிரோடு இருக்க வேண்டும். பகல் குறைவதையும் இரவு குளிர்வதையும் இலை பழுப்பதையும் உணர்ந்துதான் அதன் உடல் இந்தப் பயணத்துக்குத் தயாராகிறது. எனவே கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: புழுவைக் காப்பாற்றுகிறேன் என்று பருவத்தை அதனிடமிருந்து மறைத்துவிடக் கூடாது.

இங்கே சொல்லும் தேதிகள் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கத்துக்கானவை. மினசோட்டாவில் இருப்பவர்கள் இரண்டு, மூன்று வாரம் முன்னே நகர்த்திக்கொள்ளுங்கள். டெக்சஸில் கூட்டம் வருவதே அக்டோபரில்தான். ராக்கி மலைக்கு மேற்கே கதை வேறு. கலிஃபோர்னியாவில் அனுமதி இல்லாமல் மொனார்க்கைத் தொடுவதே சட்டப்படி தவறு, ஆகவே அங்கே இருப்பவர்கள் 3-வது, 10-வது பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வளர்க்க நேரமில்லாதவர்களுக்கும் அந்த இரண்டு பகுதிகளே போதும்.

1. முதலில் நாள் கணக்கு

முட்டை பொரிய 3 முதல் 5 நாள். புழுப் பருவம் 9 முதல் 14 நாள். கூட்டுப்புழு 8 முதல் 15 நாள். நல்ல வெயில் காலத்தில் மொத்தம் ஒரு மாதம். செப்டம்பர் இரவுகள் குளிர ஆரம்பித்தால், வெளியே வளரும் புழுவுக்கு 40 நாள்கூட ஆகும்.

இதைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். எங்கள் பக்கம் அக்டோபர் நடுவுக்குப் பிறகு பறக்கத் தோதான நாட்கள் குறைந்துவிடும், பூவும் அடங்கிவிடும். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பின் நான் முட்டை எடுப்பதில்லை. ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 5 வரை கிடைக்கும் முட்டைதான் என் கணக்கு.

"இரண்டு வாரம்தானே தள்ளிப்போகுது" என்று நினைத்து செப்டம்பர் 20-ல் முட்டை எடுத்தவர்கள், நவம்பரில் கையில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு வெளியே 45 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் நல்ல வழி எதுவுமே மிச்சம் இருக்காது.

2. எத்தனை வளர்ப்பது

ஒரு வீட்டில் ஆண்டுக்கு 10-க்கு மேல் வேண்டாம் என்பது மொனார்க் பாதுகாப்பில் ஈடுபட்டிருப்பவர்கள் தரும் அறிவுரை. என் வரம்பு 5. ஒரே கூண்டில் பத்து, இருபது புழு நெருங்கினால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் ஒட்டும். அதோடு, பின்னால் வரும் தினசரி வேலையை வேலைக்குப் போகிற ஒருவர் ஒழுங்காகச் செய்ய முடிவது ஐந்து புழுவுக்குத்தான்.

முட்டையோ புழுவோ காசு கொடுத்து வாங்க வேண்டாம். பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவற்றுக்குத் திசை அறியும் திறன் குறைந்திருப்பதை 2019-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. உயிருள்ள மொனார்க்கை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூட்டாட்சி வேளாண் துறையின் அனுமதி வேண்டும். உங்கள் செடியில் வந்து இட்ட முட்டை போதும்.

3. பூ, புழுவுக்கும் முன்னால்

எல்லாரும் புழு தின்னும் செடியைத்தான் கேட்கிறார்கள். செப்டம்பரில் உங்கள் தோட்டத்துக்கு வரும் பெரும்பாலான மொனார்க்குக்கு வேண்டியது தேன். வழியில் தேனைக் குடித்து அதைக் கொழுப்பாக்கிச் சேர்த்துக்கொண்டுதான் அது மெக்சிகோவில் குளிர்காலம் முழுவதையும் தாண்ட வேண்டும்.

ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை பூக்கும் செடி இரண்டு, மூன்று வகையாவது வேண்டும். கோல்டன்ராட், நியூ இங்கிலாந்து ஆஸ்டர் இரண்டும் இந்த மண்ணுக்கே உரியவை, நட்டால் ஆண்டுதோறும் தானே வரும். கோல்டன்ராடால் தும்மல் வருகிறது என்று பிடுங்கிவிடாதீர்கள். அதே சமயத்தில் பூக்கும் ராக்வீடின் மகரந்தம்தான் காற்றில் பறந்து தும்மல் தருவது. தொட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஜின்னியாவும் மெக்சிகன் சூரியகாந்தியும் நல்லவை. மே மாதம் விதைத்தால் செப்டம்பரில் கொத்துக் கொத்தாக நிற்கும்.

ஜின்னியா வாங்கும்போது ஒற்றை அடுக்குப் பூவாகப் பாருங்கள். பந்துபோல் அடுக்கடுக்காக இதழ் உள்ள வகையில் தேன் இருக்கும் இடமே மறைந்துவிடும், பூச்சி வந்து சுற்றிவிட்டு வெறும் வாயோடு போகும்.

4. இலை: மில்க்வீட் கையில் இல்லாமல் புழுவைத் தொடாதீர்கள்

மொனார்க் புழு தின்பது மில்க்வீட் குடும்பத்து இலையை மட்டுமே. நம் ஊர் எருக்கும் அந்தக் குடும்பம்தான். கிள்ளினால் அதே வெள்ளைப் பால். ஊரில் எருக்கஞ்செடியைச் சுற்றிப் பறக்கும் வெந்தய வரியன், மொனார்க்குக்கு மிக நெருங்கிய உறவு. எருக்கிலையில் வரிவரியான புழுவைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு இங்கே அதே சாயல் தெரியும்.

இங்கே நடுவதற்கு மூன்று: சாதாரண மில்க்வீட், சதுப்பு மில்க்வீட், ஆரஞ்சுப் பூ பூக்கும் பட்டர்ஃப்ளை வீட். இடம் குறைவென்றால் சதுப்பு மில்க்வீட். அது வேர் பரப்பித் தோட்டத்தைப் பிடிக்காது, ஆகஸ்ட் கடைசியிலும் இலை இளசாக இருக்கும். கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீடைத் தவிர்த்துவிடுங்கள். தெற்கு மாநிலங்களில் அது குளிர்காலத்திலும் காயாமல் நிற்பதால் நோய்க்கிருமி இலையிலேயே தங்கிவிடுகிறது.

நர்சரியில் வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: "இதுக்குப் பூச்சிமருந்து போட்டிருக்கீங்களா?" நியோநிகோட்டினாய்டு வகை மருந்து செடியின் உள்ளே, இலைக்கும் தேனுக்கும் ஏறிவிடும். தண்ணீரில் கழுவினால் போகாது. தெளிவான பதில் இல்லையென்றால் அந்தச் செடியை இந்த ஆண்டு புழுவுக்குக் கொடுக்காதீர்கள். நன்றாக வளர்ந்த செடியை வாங்கி வந்த ஒரு மாலையிலேயே என் நான்கு புழுவும் பச்சையாகக் கக்கிச் சுருண்டு செத்தன. அதற்குப் பிறகு விதையிலிருந்து நானே வளர்க்கும் செடி தவிர வேறெதையும் நான் நம்புவதில்லை.

இலையுதிர்காலத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. செப்டம்பரில் சாதாரண மில்க்வீட் இலை தடித்து மஞ்சளாகிவிடும், சின்னப் புழுவால் கடிக்க முடியாது. அதனால் ஜூலை நடுவில் உங்கள் செடிகளில் மூன்றில் ஒரு பங்கை முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் இளந்தளிர் வரும், பெண் பூச்சியும் அதையே தேடி வரும்.

தண்டில் மஞ்சளாக அப்பியிருக்கும் அசுவினியைப் பார்த்துப் பதறி எதையும் தெளிக்க வேண்டாம். அது புழுவை ஒன்றும் செய்யாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. மில்க்வீட் பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். இலை பறித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளோடு செய்தால் இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

5. கூண்டும் அது இருக்க வேண்டிய இடமும்

மடித்து வைக்கும் வலைக்கூண்டு, இரண்டடி உயரம் இருந்தால் நல்லது. கண்ணாடி ஜாடி, பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். உள்ளே வியர்த்து ஈரம் தங்கும், ஈரத்தில் பூஞ்சையும் நோயும் வரும். அதோடு, வழவழப்பான சுவரைப் பிடித்து ஏற முடியாமல் புதிதாகப் பிறந்த பூச்சி கீழே விழும்.

அடுத்தது இடம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். கூண்டு வீட்டுக்குள் வரக் கூடாது. கூரை போட்ட வராந்தா, டெக்கின் நிழல், மரத்தடி, இப்படி எங்காவது வெளியே இருக்கட்டும். காலை வெயில் கொஞ்சம் படலாம், மதிய வெயில் நேராகப் பட்டால் கூண்டுக்குள் வெந்துவிடும்.

வீட்டுக்குள் எப்போதும் 72 டிகிரி. இரவு பத்து மணி வரை விளக்கு. அந்தப் புழுவுக்கு இன்னும் ஜூலைதான். சிகாகோ ஆய்வில், இலையுதிர்காலத்தில் வீட்டுக்குள் வளர்த்தவை, அவை காட்டு மொனார்க்கின் பிள்ளைகளே ஆனாலும், தெற்கு நோக்கித் திரும்பவில்லை. 2021-ல் குவெல்ஃப் பல்கலைக்கழகம் செய்த ஆய்வில், வளர்த்தவற்றை வெளியே விட்டுத் தொடர்ந்தபோது பெரும்பாலானவை தெற்கே போயின. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: உண்மையான வானமும் காலநிலையும் கிடைத்தால் அவற்றுக்கு வழி தெரிகிறது. அதைத் தொடக்கத்திலிருந்தே கொடுத்துவிடுவோமே.

வராந்தா விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள், பகலின் நீளம் குழம்பக் கூடாது. உறைபனி எச்சரிக்கை வந்த இரவு மட்டும் கூண்டைச் சூடில்லாத கராஜில் வைத்து, விடிந்ததும் வெளியே எடுங்கள். 45, 50 டிகிரி இரவு புழுவுக்கு ஆபத்து இல்லை, மெதுவாக வளரும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் கொசு மருந்து அடிக்க ஆள் வருவது எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று முழுக்கக் கூண்டு கராஜில் இருக்கட்டும்.

6. முட்டையைக் கண்டுபிடித்து எடுப்பது

குண்டூசித் தலை அளவு, பாலேடு நிறம், இலையின் அடியில், பெரும்பாலும் தனியாக ஒன்று. லென்ஸில் பார்த்தால் மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள் தெரியும். வரி இல்லாமல் வழவழப்பாக இருந்தால் காய்ந்த பால்துளி. குவியலாக இருந்தால் வேறொரு பூச்சியின் முட்டை.

முட்டையைச் சுரண்டி எடுக்காதீர்கள். இலையோடு கிள்ளி, ஈரக் காகிதத்தின் மேல் வையுங்கள். பொரிவதற்கு முன்நாள் உச்சியில் ஒரு கருப்புப் புள்ளி தெரியும். அது புழுவின் தலை. தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கூண்டில் ஒட்டுங்கள். இந்தத் தேதி இல்லையென்றால் முதல் பகுதியில் போட்ட கணக்கு எதற்கும் உதவாது.

பெரிய புழுவாக எடுக்காமல் முட்டையாகவே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் டாக்கினிட் ஈ. அது வெளியே இருக்கும் புழுவின் மேல் முட்டையிடும். அதன் குஞ்சு மொனார்க் புழுவை உள்ளிருந்து தின்னும். நன்றாக வளர்ந்த புழு எடுத்தீர்களென்றால் அது ஏற்கெனவே நடந்திருக்கலாம், உங்களுக்கு வெளியே தெரியாது.

7. புழுவின் இரண்டு வாரம்: தினசரி வேலை

தினமும் காலையில் புது இலை, பழைய இலையை அகற்றுதல், கீழே விழுந்த எச்சத்தை வழித்தெடுத்தல். இருபது நிமிட வேலை. ஒரு நாள் விட்டாலும் எச்சத்தில் பூஞ்சை பிடிக்கும். அடியில் காகிதத் துண்டு விரித்தால் சுருட்டி எறிந்துவிடலாம்.

கை சுத்தமாக இருக்க வேண்டும். சானிடைசர், கொசு விரட்டி, நாய்க்குத் தடவும் உண்ணி மருந்து, இவற்றில் எதுவும் விரலில் இருக்கக் கூடாது. சாதாரணச் சோப்பு, நிறையத் தண்ணீர்.

கிளையாக வெட்டித் தண்ணீரில் வைத்தால் இலை வாடாது. ஆனால் பாட்டில் வாயைத் துணியாலோ அலுமினியத் தாளாலோ அடைத்துவிடுங்கள். புழு தண்டு வழியே இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போய்விடும். புதியவர்கள் இழக்கும் புழுவில் பாதி இப்படிப் போனதாகத்தான் என்னிடம் சொல்கிறார்கள். தொட்டிச் செடியையே கூண்டுக்குள் வைக்க முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

புழு நான்கு முறை தோல் உரிக்கும். உரிப்பதற்கு முன் கிட்டத்தட்ட ஒரு நாள் அசையாமல், தின்னாமல் கூண்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். செத்துவிட்டதாக நினைத்துத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. நகர்த்தவும் வேண்டாம். பிடித்திருக்கும் பட்டு நூலிலிருந்து பிய்த்தால் தோலை விட்டு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். உரித்ததும் அந்தத் தோலையே தின்னும், அதை எடுத்துவிடாதீர்கள்.

கடைசி நான்கைந்து நாளில் அதன் பசி நம்ப முடியாத அளவுக்கு ஏறும். ஒரு பெரிய இலை ஒரு பொழுதில் காணாமல் போகும். இலை தீர்ந்துபோய்ப் பூசணித் துண்டு, வெள்ளரிக்காய் வைக்கும் யோசனை இந்த நேரத்தில்தான் எல்லாருக்கும் வரும். அது அதற்கான உணவு இல்லை. ஐந்து புழுவுக்கு இலை நிறைந்த நான்கைந்து செடி இருக்கிறதா என்று முட்டை எடுக்கும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

8. தலைகீழாகத் தொங்கும் நாளும் கூடும்

முழுதாக வளர்ந்த புழு கூண்டின் கூரைக்கு ஏறி, பட்டில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டு, ஆங்கில ஜே எழுத்துபோல் வளைந்து தொங்கும். அப்படியே அரை நாளுக்கு மேல். தலைப்பக்கத்துக் கருப்பு இழைகள் துவண்டு, உடல் நேராக நீண்டால், இன்னும் சில நிமிடத்தில் தோல் பிளந்து பச்சைக் கூடு வெளியே வரும். பிள்ளைகளைக் கூப்பிடும் நேரம் அது. கூண்டை மட்டும் ஆட்டக் கூடாது.

கூடு இறுக இரண்டு நாள் விடுங்கள். அதன் பிறகு கீழே விழுந்திருந்தால்கூடக் காப்பாற்றலாம். உச்சியில் இருக்கும் கருப்புக் காம்பில் நூலால் முடிச்சுப் போட்டு மறுபடி தொங்கவிடுங்கள். காம்பு உடைந்திருந்தால் காகிதத் துண்டின் மேல், வலைச்சுவரை ஒட்டிக் கிடத்துங்கள். வெளியே வரும் பூச்சி அந்தச் சுவரைப் பிடித்து ஏறிக்கொள்ளும்.

கூட்டிலிருந்தோ புழுவிலிருந்தோ வெள்ளை நூல்போல் இழை தொங்கினால் டாக்கினிட் ஈயின் புழு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். புழு கருத்து, கூழாகி, தலைகீழாகத் துவண்டு தொங்கினால் வைரஸ் அல்லது பாக்டீரியா நோய். உடனே மற்றவற்றை வேறு கூண்டுக்கு மாற்றி, இந்தக் கூண்டைக் கழுவுங்கள்.

9. வெளிவருவது, சோதிப்பது, விடுவது

முன்நாள் கூடு கருத்து, உள்ளே மடித்த ஆரஞ்சு இறக்கை கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் தெரியும். அது நல்ல அறிகுறி. இறக்கையின் வடிவம் தெரியாமல் திட்டுத் திட்டாகக் கருத்தால் நோய்.

பெரும்பாலும் காலையில் வரும். வந்ததும் இறக்கை கசங்கி, வயிறு உப்பியிருக்கும். தலைகீழாகத் தொங்கி வயிற்றிலிருந்து நீரை இறக்கைக்கு ஏற்றும். அதன் கீழே குறைந்தது நான்கு அங்குல வெற்றிடம் வேண்டும். விழுந்துவிட்டால் விரலை நீட்டி ஏற்றி, உடனே வலையில் தொங்கவிடுங்கள். அப்படியே காய்ந்தால் இறக்கை மடங்கியபடி நின்றுவிடும், அதற்கு மருத்துவம் கிடையாது. கீழே சொட்டும் சிவப்பு நீர் ரத்தம் அல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

மூன்று, நான்கு மணி நேரத்தில் இறக்கை இறுகும். முதல் நாள் உணவு தேவையில்லை.

இப்போது சோதனை. மொனார்க்கின் பெரிய நோய் ஓ.இ. என்ற ஒட்டுண்ணி. அதன் வித்துகள் பூச்சியின் வயிற்றுச் செதிலில் இருந்து முட்டைக்கும் இலைக்கும் பரவும், புழு அதைத் தின்று நோய் வாங்கும். ஒளிபுகும் ஒட்டுநாடாவை வயிற்றில் மெதுவாக ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், பெரிய செதில்களுக்கு நடுவே எலுமிச்சை வடிவில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். வீட்டில் நுண்ணோக்கி இல்லாதவர்களுக்கு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மொனார்க் ஹெல்த் என்ற திட்டம் இருக்கிறது. முன்பே பதிந்துகொண்டு மாதிரிகளை அனுப்பலாம்.

நோய் நிறைந்ததை வெளியே விட வேண்டாம். காகித உறையில் வைத்து உறைபெட்டியில் வைத்துவிடுவதே வழி. மனது கேட்காது, எனக்கும் கேட்காது. ஆனால் அது உட்காரும் ஒவ்வொரு மில்க்வீடிலும் வித்துகளைச் சிந்தும்.

பூச்சி எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்துகொள்ள இறக்கையில் ஒட்டும் ஒட்டுச்சீட்டு, விருப்பமானவர்களுக்கு. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் மொனார்க் வாட்ச் 1992 முதல் இதை நடத்துகிறது. சின்ன வட்டச் சீட்டில் ஒரு குறியீடு. பின் இறக்கையின் வெளிப்புறத்தில், கையுறை வடிவில் இருக்கும் பெரிய கட்டத்தில் ஒட்ட வேண்டும். அது பூச்சியின் சமநிலை கெடாத இடம். செப்டம்பரில் தேடினால் சீட்டு தீர்ந்திருக்கலாம், கோடையிலேயே வாங்கி வையுங்கள். தேதி, ஊர், ஆணா பெண்ணா, வளர்த்ததா காட்டில் பிடித்ததா என்று எழுதி அனுப்பினால்தான் சீட்டுக்கு மதிப்பு. பின் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி இருந்தால் ஆண்.

பிடிக்கும்போது நான்கு இறக்கையும் மூடியிருக்க, உடலுக்கு அருகில் இரண்டு விரலால் பிடியுங்கள். உணர்கொம்பைத் தொட வேண்டாம். சூரியனை வைத்துத் திசை அறியும் அதன் கடிகாரம் அந்தக் கொம்பில்தான் இருக்கிறது.

விடும் நாள் வெயிலாக, 60 டிகிரிக்கு மேல், காற்று அதிகம் இல்லாமல் இருக்கட்டும். 55-க்குக் கீழே அதன் பறக்கும் தசை வேலை செய்யாது. காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டுக்குள் பூவின் மேல் விட்டுவிடுங்கள். மாலையில் விட்டால் இரவுக்கு இடம் தேட நேரம் இருக்காது. மழையென்றால் ஒன்றிரண்டு நாள் கூண்டிலேயே இருக்கலாம், பூங்கொத்தோ தர்பூசணித் துண்டோ வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்துத் "தூங்க வைக்கும்" யோசனை வேண்டவே வேண்டாம்.

10. பயணத்தைப் பார்ப்பது

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை எங்கள் பக்கம் உச்சம். ஆனால் தேதியைவிடக் காற்று முக்கியம். மழையோடு ஒரு குளிர்க்காற்று கடந்து, மறுநாள் வானம் வெளுத்து, வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று வீசினால் அன்று லீவு போட்டாலும் தகும். அந்தக் காற்றுதான் அவற்றைத் தெற்கே தள்ளிக்கொண்டு போகிறது. வானிலைச் செயலியில் மழையைப் பார்ப்பதுபோல் காற்றின் திசையையும் பார்த்துப் பழகுங்கள்.

பூவை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பது பொதுவான தவறு. தலையை நிமிர்த்துங்கள். காலை வெயில் ஏறியதும் சூடான காற்றுத் தூணில் வட்டமிட்டு மேலே போய், அங்கிருந்து இறக்கையை லேசாகத் தூக்கி வைத்துச் சறுக்கிக்கொண்டு போகும். பருந்து போகும் அதே முறை. பைனாகுலரில் ஒரு பருந்தைத் தொடர்ந்தால் அதன் பக்கத்திலேயே மொனார்க் தெரிவது உண்டு.

மாலை, சூரியன் மறைய ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கும்போது காற்று படாத மரவரிசையைப் பாருங்கள். சீடர், பைன், மேப்பிள், ஓக். பகலில் தனித்தனியாகப் பறந்தவை இரவுக்குக் கொத்தாகச் சேரும். இறக்கையை மூடியிருக்கும்போது காய்ந்த இலைபோல்தான் இருக்கும், ஒன்று திறந்து மூடினால்தான் கண்ணில் படும். அந்த மரத்தைக் குறித்துவைத்து மறுநாள் காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போங்கள். வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக ஆரஞ்சாக விரிவதைப் பார்க்கலாம்.

பின் இறக்கையின் குறுக்கே ஒரு கருப்புக் கோடு ஓடினால் அது வைஸ்ராய் என்ற வேறு வண்ணத்துப்பூச்சி, மொனார்க் அல்ல. எண்ணும்போது அதை விட்டுவிடுங்கள்.

ஒரு நாள் பயணம் முடிந்தால் கேப் மே போய் வாருங்கள். நியூ ஜெர்சியின் தென்முனை கூம்பிக்கொண்டே போவதால் கடற்கரையோரம் வரும் பூச்சிகள் எல்லாம் அங்கே குவிகின்றன. முன்னால் சுமார் 17 மைல் அகல டெலவேர் வளைகுடா இருப்பதால், தோதான காற்று வரும்வரை பூச்சிகள் அங்கேயே காத்திருக்கும். கடலோரக் கோல்டன்ராட் முழுக்க மொனார்க்காக இருக்கும் நாட்கள் உண்டு. அங்கே 1990 முதல் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் எண்ணிக்கை எடுக்கிறார்கள்.

வீட்டில் எண்ணுவதற்கு ஒரே இடம், ஒரே நேரம், பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையோடு வெப்பம், காற்றுத் திசை, பறந்த திசை. பூஜ்யம் வந்த நாளையும் எழுத வேண்டும். அதை விட்டால் எந்த நாளில் கூட்டம் வந்தது என்பது புரியாமல் போகும். பார்த்ததை எல்லாரும் பதியும் ஜர்னி நார்த் என்ற இணையதளத்தில் பதிந்தால் வடக்கே இருப்பவர்களின் பதிவும் தெரியும். நியூயார்க்கில் இரவுக்கூட்டம் பார்த்ததாகச் செய்தி வந்தால் நமக்கு ஓரிரு நாள் முன்னறிவிப்பு. முன்னணிக் கூட்டம் மெக்சிகோ போய்ச் சேர்வது நவம்பர் முதல் நாட்களில். அங்கே கிடைத்த ஒட்டுச்சீட்டுகளை மொனார்க் வாட்ச் பிற்பாடு வெளியிடும், உங்கள் குறியீட்டைத் தேடிப் பாருங்கள்.

11. நவம்பர் வேலை

கூண்டைச் சோப்பில் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து நான்கு மணி நேரம் ஊறவிடுங்கள். ஓ.இ. வித்துக்கு வெறும் சோப்பு போதாது. பிளீச்சோடு வேறு எந்தக் கழுவு திரவத்தையும் கலக்காதீர்கள். அலசி, வெயிலில் காயவைத்து மடித்துவிடலாம்.

பழுத்து வெடிக்கத் தொடங்கிய மில்க்வீட் காயிலிருந்து பழுப்பு நிற விதையைப் பிரித்து, மண்ணைக் கிளறி, கால் அங்குல ஆழத்தில் தூவுங்கள். இந்த விதைக்குக் குளிரும் ஈரமும் சில வாரம் பட்டால்தான் முளைக்கும் உறக்கம் கலையும், ஆகவே வசந்தத்தில் நேராக விதைத்தால் பெரும்பாலும் வராது. காய்ந்த பூச்செடித் தண்டுகளை வெட்டாமல் விட்டுவிடலாம்.

விதைத்த இடத்தில் ஒரு குச்சி நட்டுப் பெயர் எழுதி வையுங்கள். மில்க்வீட் தோட்டத்தில் மற்ற எல்லாம் துளிர்த்த பிறகு, மே மாதத்தில்தான் தலை காட்டும். அதற்குள் காலியிடம் என்று நினைத்துத் தக்காளி நட்டுவிடுகிறார்கள்.